அத்தைக்கு விளங்கும் என்று வந்த காசு

போன மாதம் கல்யாண வீட்டுப் பந்தியில் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் நாம் ஐந்து பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். பாயசம் வந்ததுமே உங்களில் ஒருத்தி, "ஒங்க வீட்டுக்கு அந்தக் காலத்துல ஜப்பான்காரன் உளவுக்காசு வந்துச்சுல்லா" என்று ஆரம்பித்தாள். அடுத்தவள், "அது பழையகாயல் புதையல்லா" என்றாள். மூன்றாமவளுக்கு அது முருகன் காசு. நான் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் போனில் கூப்பிட்டு, "பாயசத்துல முந்திரி இல்லைன்னுதானே கோவிச்சிட்டுப் போன?" என்று கேட்டீர்கள். முந்திரிக்காகக் கோபிக்கிற வயதா எனக்கு?

அறுபது வருஷத்துக்கு மேலாக இந்த மூன்று கதைகளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றையும் கட்டிவிட்ட பெரியவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கதைகள் மட்டும் சாக மாட்டேன் என்கின்றன. ஒரே ஒரு தடவை நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒழுங்காகப் படியுங்கள்.

சண்டைக்காலம் அது. கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அடுத்தது தூத்துக்குடிதான் என்று பாதி ஊர் மூட்டை கட்டிவைத்திருந்தது. மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டது. வாயைத் திறந்தால் மண்ணும் உப்பும். என் அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் தோணிகளுக்குக் கயிறும் பாய்த்துணியும் விற்கிற கடை வைத்திருந்தார். தேங்காய்நார்க் கயிறு, தார், பக்கத்துக் கொட்டகையில் சதை அழுகக் குவித்திருந்த சங்கு, மூன்றும் கலந்த ஒரு வாடை அவர் சட்டையோடு வீட்டுக்கு வரும். அண்ணாச்சி என்று ஊரே கூப்பிடும். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருப்பார். கேட்காத கேள்விக்கும் வைத்திருப்பார். அதுதான் எங்கள் வீட்டுக்குப் பிடித்த நோய்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. மாமா பினாங்கில் ஒரு சீன வியாபாரியின் அரிசிக் கிடங்கில் எழுத்து வேலை பார்த்தார். லீவில் வந்துவிட்டு அவர் கப்பலேறின பிறகுதான் அத்தை முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. மாமாவுக்குத் தாய் தகப்பன் இல்லாததால் பிள்ளைப்பேறு எங்கள் வீட்டில் நடந்தது. பெண் பிள்ளை. "பிள்ளை பிறந்திருக்கிறது, என்ன பேர் வைக்க?" என்று அத்தை தன் கையால் கடிதம் எழுதிப் போட்டாள். அதற்குப் பதில் வருமுன் ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்துவிட்டான். கடிதப் போக்குவரத்து நின்றுபோயிற்று.

பேர் வைக்கிற உரிமை தகப்பனுக்கு என்று அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வராமல் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. ஆக அந்தப் பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, உட்கார்ந்தது, எல்லாம் பேரில்லாமல். 'பாப்பா', 'ஏளா', 'குட்டி', என்ன வேண்டுமானாலும் கூப்பிடலாம், பேர் மட்டும் கூடாது. என் அம்மா ஒருதரம், "நாய்க்குட்டிக்குக்கூட மூணாம் நாள் பேர் வெச்சிருதோம்" என்றாள். அப்பா சாப்பாட்டை விட்டு எழுந்து போனார். அதன் பிறகு அம்மாவும் பேசவில்லை.

அத்தைக்கு வேறொரு கவலை. மாமா உயிரோடு இருக்கிறாரா என்பதை அவள் வெளியே கேட்டதே இல்லை. "என் கடுதாசி கைக்குக் கிடைச்சிருக்குமா?" என்பதுதான் அவள் கேள்வி. பிள்ளைக்குத் தலை துவட்டும்போதும் கேட்பாள், அரிசி புடைக்கும்போதும் கேட்பாள். பிள்ளை பிறந்ததே தெரியாமல் அந்த மனிதர் எங்கேயோ கிடக்கிறாரா என்பது அவளை அரித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்பது வயது. எனக்கே அது புரிந்தது. பெரியவர்களுக்குப் புரியவில்லை.

அப்போதுதான் புன்னைக்காயல் கப்பல்காரர் வந்தார். மாலுமி வேலை பார்ப்பவர். கழுத்தில் ஜெபமாலை, காலில் செருப்பில்லை. பினாங்கிலிருந்து கிளம்பின கப்பல் சண்டையால் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் கொழும்பில் அவரை இறக்கிவிட, அங்கிருந்து தோணியில் வந்திருந்தார். இடுப்பு மடியிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்து அத்தையிடம் கொடுத்தார்.

"நாங்க கப்பலேறுத அன்னைக்கு ஒங்க வீட்டுக்காரரு ஓடி வந்து குடுத்தாரு அக்கா. 'வீட்டுல குடு, அவளுக்கு வெளங்கும்'னாரு. அவ்வளவுதான் சொன்னாரு, கப்பல்ல சங்கு ஊதிட்டான்."

முடிச்சுக்குள் சிவப்பு நூலில் கோத்த ஒரு பித்தளைக் காசு. நடுவே சதுரமாக ஓட்டை. ஓட்டைக் காலணாவை அப்போது நாம் பார்த்ததில்லை. காசில் யாராவது ஓட்டை போடுவார்களா என்று எனக்கு அதிசயமாக இருந்தது. ஒரு பக்கம் ஓட்டையைச் சுற்றி நாலு எழுத்து, குச்சிகளை அடுக்கினதுபோல. மறுபக்கம் தேய்ந்துபோன ஒரு படம்: ஏதோ நாலுகால் மிருகம், அதன் முதுகில் ஏதோ ஓர் உருவம். பாப்பா எட்டிப் பிடுங்கி நேராக வாயில் வைத்தாள். விஷமோ என்னவோ என்று அம்மா பிடுங்கி எடுத்தாள். பிள்ளை வீறிட்டது.

அத்தை கப்பல்காரரிடம் இன்னும் கேட்டிருப்பாள். மாமா எப்படி இருந்தார், என்ன முகத்தோடு கொடுத்தார், கடிதம் வந்ததாகச் சொன்னாரா. அப்பா விட்டால்தானே. அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, ஜப்பான்காரனிடம் எத்தனை கப்பல், வெள்ளைக்காரனிடம் எத்தனை கப்பல் என்று இரண்டு மணி நேரம் விசாரித்தார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றாள். நாலாம் நாள் அந்த மனிதர் வேறு கப்பலுக்குப் போய்விட்டார். அத்தைக்கு மிஞ்சியது ஒரே வாக்கியம்: 'அவளுக்கு வெளங்கும்.'

"எனக்கு வெளங்கும்னு சொல்லி விட்டிருக்காவ. எனக்கு வெளங்கலியே" என்று அந்தக் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது தன் புத்திக் குறைவு என்றே நினைத்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் ஒன்று சொன்னாள். முதல் நாளே சொன்னாள். "அண்ணே, அவுக வேலை பாக்குறது சீனாக்காரர் கிடங்குல. இது சீனா எழுத்தாத்தான் இருக்கும். திருநவேலி ஜங்சன்ல பல்லு கட்டுத சீனாக்காரர் ஒருத்தர் இருக்காராமே, அவர்கிட்ட கேட்டா என்ன?"

"பல்லுக்காரனுக்குப் பல்லைப் பத்தித் தெரியும். இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்" என்றார் அப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதலில் வந்தவர் திருச்செந்தூரிலிருந்து மாதமொருமுறை விபூதி கொண்டுவரும் பண்டாரம். காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "மயில்ல முருகன்லா இருக்கான், தெரியலியா?" என்றார். மயிலுக்கு நாலு கால் ஏது என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். காசு பூஜை மாடத்துக்குப் போயிற்று. அத்தை மூன்று செவ்வாய் விரதம் இருந்தாள். பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு.

விரதத்தால் ஒன்றும் விளங்காமல் போகவே அப்பா நாசரேத்துப் பக்கத்து வாத்தியார் ஒருவரை வரவழைத்தார். இங்கிலீஷ் படித்தவர், நல்ல மனிதர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எழுத்து சீன எழுத்து என்று சரியாகவே சொன்னார். அத்தை முகம் மலர்ந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். படித்தவர்களுக்கு நிறுத்தத் தெரியாது. "பாண்டியர் காலத்தில் பழையகாயலுக்குச் சீனாவிலிருந்து கப்பல் வந்திருக்கிறது. அங்கே மண்ணைத் தோண்டினால் இந்த மாதிரிக் காசு கிடைக்கும். உங்களிடம் கொடுத்தவன் எந்த ஊர்க்காரன்?" என்றார்.

"புன்னைக்காயல்."

"பக்கத்து ஊர். விளங்குகிறதா?"

அப்பாவுக்கு விளங்கிவிட்டது. ஒரு கப் காப்பிக்காக அந்தக் கப்பல்காரர் நம்மை ஏமாற்றிவிட்டார். செருப்பில்லாத காலோடு ஏழு கடல் சுற்றி, ஒரு முடிச்சை அவிழ்க்காமல் கொண்டுவந்து சேர்த்த மனிதருக்கு அந்தப் பட்டம். அத்தை மட்டும், "அந்த அண்ணன் பொய் சொல்லுத முகம் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்கிறவர் யார்?

இதற்குள் விஷயம் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தது நான்தான், மறுக்கவில்லை. காசைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் படம் அப்படியே மேலே வருமே, நாம் எல்லோரும் செய்வோமே. கணக்கு நோட்டின் கடைசித் தாளில் இரண்டு பக்கத்தையும் தேய்த்து எடுத்திருந்தேன். உங்களுக்குக் காட்டினேன். டீச்சர் பார்த்துவிட்டுப் பென்சிலை வீணடித்ததற்கு உள்ளங்கையில் இரண்டு கொடுத்தார். அதன் பிறகு 'ஜப்பான் எழுத்து' என்று முதலில் சொன்னது யார்? ஒரு வாரம் என் பக்கத்தில் உட்காராமல் இருந்தது யார்? நான் மறக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து கேட்கவும் முடியாது, அதனால் இங்கே கேட்கிறேன்.

அந்தப் பேச்சு ஏட்டையா காதுக்குப் போயிற்று. அவர் கடைக்கு வந்து, கயிற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்து, காசை வாங்கிப் பார்த்தார். மிருகத்தைக் காட்டி, "அண்ணாச்சி, இது டாங்கி. மேல பீரங்கி. தெரியலியா ஒமக்கு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் பாக்கல. ஆனா மேல உள்ளவன் வந்து பாத்தான்னா கடையச் சீல் வெச்சிருவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா பயந்துவிட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும். கொழும்புக்குப் பாய் கட்டிக்கொண்டிருந்த தோணிக்காரர் ஒருவர் கயிறு வாங்க வந்திருந்தார். அவர் கையில் காசை வைத்து மூடி, "நடுக்கடல்ல போட்டுரும். யாருக்கும் தெரியக்கூடாது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியோடு நான் அங்கே நின்றிருந்தேன்.

"அத்தைகிட்ட மூச்சு விடக்கூடாது. பத்திரமா பெட்டில இருக்குன்னு சொல்லுவேன். நீ ஒண்ணும் சொல்லாண்டாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களை எல்லாம் ஏசிக்கொண்டே வருகிறேன், என் முறை இது. அத்தை தினமும், "அண்ணே, அந்தக் காசை ஒருக்கா எடுத்துக் குடுங்க, பாத்துட்டுத் தாரேன்" என்பாள். "பெட்டிச் சாவி கடைல இருக்கு" என்பார் அப்பா. நான் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வாய்ப்பாடு எழுதுவேன். சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதுவேன்.

ஆவணியில் அப்பாவுக்குக் கடைவாய்ப்பல் வீங்கியது. கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர், வேப்பங்கொழுந்து, எதுவும் கேட்கவில்லை. வலது கன்னம் பணியாரம்போல ஆயிற்று. ஐந்தாம் நாள் அவரே, "திருநவேலிக்குப் போவோம்" என்றார். எதற்கு, யாரிடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, "நெல்லையப்பரைக் கும்பிட்டு நாளாச்சு" என்று கிளம்பினாள். புறப்படும்போது என் காதில், "ஒன் கணக்கு நோட்டை எடுத்துக்கோ" என்றாள்.

மணியாச்சியில் வண்டி மாறி, ஜங்ஷனில் இறங்கினோம். பல் கட்டுகிறவரின் கடை மாடியில். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் பல்செட்டுகள். அவர் ஒல்லியாக, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டையோடு இருந்தார். இருபது வருஷமாக அந்த ஊரில் இருப்பவர். தமிழ் பேசினார், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து. அப்பாவை நாற்காலியில் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் பல் தட்டில் விழுந்தது. அவர் அப்பாவின் வாய் நிறையப் பஞ்சை அடைத்து, "ஒரு மணி நேரம் பேசக்கூடாது. பேசினா ரத்தம் நிக்காது" என்றார்.

அப்பா பேசக்கூடாது. எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் அப்படி ஒரு மணி நேரம் அதற்கு முன் வந்ததில்லை. அத்தை என் கையிலிருந்த நோட்டை வாங்கிக் கடைசித் தாளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். "ஐயா, இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுவியளா?" அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து கையை ஆட்டினார். அத்தை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். படித்துச் சிரித்தார்.

"இது காசு இல்லம்மா. கடைல செல்லாது. பிறந்த பிள்ளைக்குக் கட்டுறது." ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்தார். "நீண்ட, ஆயுசு. வசதி. மரியாதை. பிள்ளை நூறு வயசு இருக்கணும், பசி இல்லாம இருக்கணும், நாலு பேர் மதிக்கணும். பிறந்து ஒரு மாசம் ஆனா எங்க ஊர்ல கழுத்துல கட்டுவோம்." தாளின் மறுபக்கத்தைப் பார்த்தார். "இந்த மிருகம் நல்ல மிருகம். மேல இருக்கிறது குழந்தை. வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டுவருது. எந்தப் பிள்ளைக்கு வந்தது இது?"

நான் அத்தையின் மடியைக் காட்டினேன். "இவளுக்கு. இவ அப்பா பினாங்குல இருந்து குடுத்துவிட்டாவ."

"நல்லது" என்றார் அவர், சாதாரணமாக.

"ஐயா" என்றாள் அத்தை. "பிள்ளை பொறந்ததத் தெரிஞ்சாத்தானே இதைக் குடுத்து விட முடியும்?"

"தெரியாம யாருக்கும்மா அனுப்புவாரு?"

"என் கடுதாசி அவுக கைக்குப் போயிருக்கு. இல்லையா?"

"போயிருக்கு."

மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும், "போயிருக்கும்மா" என்றார். எத்தனை தடவை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். மூன்று மாதமாக ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் கூடிப் பிடுங்கிப் பார்த்தும் கிடைக்காத பதில், கை துடைக்கிற நேரத்தில் கிடைத்துவிட்டது. ஒரு ரயில் சீட்டுத் தூரத்தில் அது உட்கார்ந்திருந்தது.

அத்தை அழவில்லை. முகத்தைப் பிள்ளையின் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். பிள்ளை கூச்சத்தில் சிரித்தது.

வண்டியில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள்: "அண்ணே, வீட்டுக்குப் போனதும் பெட்டியத் திறந்து அதை எடுத்துக் குடுங்க. இன்னைக்கே கட்டிருதேன்." ஒரு மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அப்பா பஞ்சைக் காட்டி, பேச முடியாது என்று சைகை செய்தார். மணியாச்சி வந்தது, தட்டப்பாறை வந்தது, தூத்துக்குடி வந்தது. பஞ்சு வெளியே வரவில்லை.

மறுநாள் காலையில் அத்தை மஞ்சள் தடவின நூலோடு அவர் முன்னால் வந்து நின்றாள். இனி எந்தப் பஞ்சும் உதவாது.

"அது போச்சும்மா" என்றார் அப்பா.

"எங்கன போச்சு?"

"கடல்ல. ஏட்டையா சொன்னாரு... கடைக்கு ஆபத்து வந்துரும்னுதான்..."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கும் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நூலைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்து, அவள் காதில் ஒரு பேரை மூன்று தடவை சொன்னாள். எங்களுக்கெல்லாம் கேட்கும்படியாகவே சொன்னாள்.

அப்பா, "மாப்பிள்ளையக் கேக்காம..." என்று ஆரம்பித்தார்.

"அவுக சொல்ல வேண்டியதச் சொல்லி அனுப்பியாச்சு. நூறு வயசு இருக்கட்டும்னவுக, பேரில்லாம இருக்கட்டும்னா சொல்லுவாவ?"

அப்பா துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். வாழ்நாள் முழுவதும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை மன்னிப்பாகச் சொன்னதில்லை. பண்டாரத்துக்கும் வாத்தியாருக்கும் ஏட்டையாவுக்கும் உண்மையைச் சொல்லித் திருத்தவும் இல்லை. அதனால்தான் நீங்கள் இன்னும் உளவுக்காசு, புதையல் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என்னோடு அத்தை எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் தலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துப் பின்னலைப் போட்டுவிட்டாள். வழக்கத்தைவிட இறுக்கமாக.

சண்டை முடிந்த மறு வருஷம் மாமா வந்தார். உயிரோடு இருப்பதாக ஒரு கார்டு முன்பே வந்திருந்தது. வேறு விவரம் இல்லை. நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிட்டார். வாசலில் நின்ற மனிதரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டை ஆணியில் மாட்டினதுபோலத் தொங்கியது. அத்தை அடுக்களையிலிருந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு நாலரை வயது. என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

மாமா அத்தையைப் பார்த்தார். பிறகு என் பாவாடைக்குப் பின்னால் தெரிந்த பாதி முகத்தைப் பார்த்து, குந்தி உட்கார்ந்து, ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்தப் பேர் எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் திரும்பவும் கூப்பிட்டார். "கடுதாசில எழுதியிருந்தேனே" என்றார், எங்களை மாறி மாறிப் பார்த்து. "கப்பல்காரர்கிட்ட அதைக் குடுத்துவிட்ட அன்னைக்கே தபால்லயும் போட்டேன். இந்தப் பேருதான்னு எழுதினேன். வரலியா?" வரவில்லை. தபாலில் போட்ட அந்தக் கடிதம் எந்தக் கடலில் கிடக்கிறதோ. ஆனால் அவர் நாலரை வருஷமாக, ஜப்பான்காரன் கூலி முகாமில் மூட்டை சுமந்தபோதும் காய்ச்சலில் கிடந்தபோதும், அந்தப் பேரில்தான் மகளை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்பா முன்னால் வந்தார். "அது அவ பேரு இல்ல மாப்பிள்ளை. இங்க நாங்க..."

"அண்ணே, நீங்க சும்மா இருங்க" என்றாள் அத்தை. அப்பா சும்மா இருந்தார்.

அத்தை என்னிடம் வந்தாள். பிள்ளையின் கையை என் பாவாடையிலிருந்து விடுவித்து, முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கி, முதுகில் கைவைத்து மெல்ல முன்னால் தள்ளினாள்.

"ஏளா, ஒன்னத்தான் கூப்பிடுதாவ. போ."

அவள் போனாள்.